அருட்சகோதரி பதில்கள்

கேள்வி: சிஸ்டர், கொரோனா காலத்தில் உங்கள் தொடக்கப் பள்ளியிலும் ஆன்லைன் வகுப்பு நடந்ததா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லைம்மா. எங்களுடையது சபை நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளி. பிள்ளைகளின் பெற்றோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் ஒரே போன். அதுவும் காலையிலேயே அப்பாவோடு போய்விடும். கல்வித் தொலைக்காட்சி பார்க்கச் சொன்னோம், சிலர் பார்த்தார்கள்.

எனக்குப் பெரிய கவலை சாப்பாடுதான். மதியச் சத்துணவை நம்பி வந்த பிள்ளைகள் அவர்கள். அரசு அரிசியும் பருப்புமாகக் கொடுத்தபோது, வாங்க வந்த அம்மாக்களிடமே வீட்டுப்பாடத் தாளையும் கொடுத்தனுப்பினோம். அடுத்த முறை வரும்போது எழுதிய தாள் திரும்பி வரும். சில தாள்களில் எழுத்து அக்காவுடையது என்று பார்த்ததுமே தெரியும். சரி, அக்காவாவது பக்கத்தில் உட்கார்ந்தாளே என்று மகிழ்ந்தோம்.

அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்களுக்குச் சிரமமில்லை. நிர்வாகம் சம்பளம் கொடுக்கும் ஆசிரியைகளின் நிலைதான் கஷ்டம். முழுச் சம்பளம் தர முடியாத மாதங்களில் கன்னியர் மடத்துச் செலவைக் குறைத்து அவர்களுக்குக் கொடுத்தோம். அது சலுகை இல்லை, அவர்களுக்குச் சேர வேண்டியது.

2021 நவம்பர் 1-ஆம் தேதி திறந்தபோது, ஒன்றாம் வகுப்பு மட்டுமல்ல, இரண்டாம் வகுப்பும் பள்ளிக்கூடத்தையே பார்த்ததில்லை. எங்களிடம் எல்.கே.ஜி. கிடையாது. அதனால் இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ‘அ’ எழுதுவதிலிருந்து தொடங்கினோம். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அப்புறம்தான் திறந்தோம்.