எஸ்எஸ்ஹெச்சில் நுழைய ஏன் இத்தனை நேரம்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் சுமார் இருபது லினக்ஸ் சர்வர்கள் இருக்கின்றன. எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து சர்வரை இயக்கும் வழி) நுழையும்போது பாஸ்வேர்டு கேட்கவே பத்து நொடிக்கு மேல் ஆகிறது. உள்ளே போய்விட்டால் எல்லாம் வேகம்தான். இன்டர்நெட் லைனை உயர்த்த வேண்டுமா?

பதில்: வேண்டாம், பணம்தான் வீணாகும். உள்ளே போனபின் வேகம் குறையவில்லை என்றால் லைனில் கோளாறு இல்லை. நுழையும் வழியில் ஏதோ ஒன்று, வராத பதிலுக்காகக் காத்து நிற்கிறது. எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே முதல் துப்பு. ஒவ்வொரு முறையும் 5, 10, 20 நொடி என்று அளந்தாற்போல் வந்தால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள்; கணினிப் பெயரையும் ஐபி முகவரியையும் பொருத்திச் சொல்லும் சேவை அது. பதில் தராத ஒரு நேம்சர்வருக்காக (அந்தச் சேவையைத் தரும் கணினி) லினக்ஸ் வழக்கமாக 5 நொடி பொறுத்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கும்.

எதையும் மாற்றுமுன் எஸ்எஸ்ஹெச் கட்டளையோடு மைனஸ் போட்டு மூன்று 'வி' சேர்த்து (-vvv) ஓட்டுங்கள். ஓடும் வரிகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். ஜிஎஸ்எஸ்ஏபிஐ (GSSAPI) என்ற வரியில் நின்றால், கெர்பரோஸ் என்ற மையக் கடவுச்சீட்டு முறையைப் பயன்படுத்தாத அலுவலகத்தில் அதை உங்கள் கணினியின் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பிலேயே அணைத்துவிடலாம். சர்வரைத் தொடவே வேண்டாம்.

அங்கே நிற்கவில்லையா? சர்வர் உங்கள் ஐபி முகவரிக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கக்கூடும். சர்வரின் கான்ஃபிக்கில் உள்ள 'யூஸ் டிஎன்எஸ்' (UseDNS) என்ற அமைப்பு அதற்குக் காரணம். 2015இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 6.8 முதல் அது இயல்பாக அணைந்தே வருகிறது. ஆனால் பழைய சர்வர்களிலும், வருடக்கணக்காகக் காப்பி செய்து வந்த கான்ஃபிக் கோப்புகளிலும் இன்னும் உயிரோடு இருக்கும். சர்வரில் 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' (getent hosts) கட்டளைக்கு உங்கள் கணினியின் ஐபியைக் கொடுத்துப் பாருங்கள். அதுவும் அதே நேரம் நின்றால் திருடன் பிடிபட்டான். பெயர் பதிவாகவில்லை என்பது பிரச்சினை அல்ல; 'இல்லை' என்ற பதில் நொடியில் வந்துவிடும். எப்போதோ கழற்றிவிட்ட நேம்சர்வரின் முகவரி, நேம்சர்வர்களின் பட்டியல் இருக்கும் ரிசால்வ் கோப்பில் (/etc/resolv.conf) முதல் வரியாக நிற்பதே பெரும்பாலும் காரணம். யூஸ் டிஎன்எஸ்ஸை மட்டும் அணைத்து விட்டுவிடாதீர்கள். அந்த முகவரியைத் திருத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்து உங்கள் பேக்கப்பும் மெயிலும் அதே இடத்தில் தடுமாறும்.

பாஸ்வேர்டு கொடுத்த பிறகு 25 நொடி நிற்கும் சர்வர் இருந்தால் அது வேறு கதை. அது பெரும்பாலும் டி-பஸ்ஸோடு (சர்வீஸ்கள் தமக்குள் பேசும் வழி) தொடர்பு அறுந்த சிஸ்டம்டி லாகின்டி (systemd-logind), அதாவது உள்நுழைவுகளைக் கவனிக்கும் சர்வீஸ். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். விபிஎன் வழியாக வரும்போது மட்டும் கீ பரிமாற்றத்தில் உறைந்துபோனால் எம்டியூவை (ஒரு முறையில் அனுப்பும் பாக்கெட்டின் உச்ச அளவு) குறைத்துப் பாருங்கள். உள்ளே போனபின் தட்டும் எழுத்தே தாமதமாகத் திரையில் வந்தால்தான் லைனைப் பற்றிப் பேச வேண்டும்; அப்போதும் பேண்ட்வித்தை விட்டுவிட்டு முதலில் பிங் நேரத்தை (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) பாருங்கள்.

சர்வரின் கான்ஃபிக்கில் கை வைக்கும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் செஷனை மூடாதீர்கள். எஸ்எஸ்ஹெச்டி (sshd) கட்டளைக்குச் சின்ன 'டி' (-t) கொடுத்துப் பிழை இல்லை என்று உறுதிசெய்த பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேறு விண்டோவில் புதிதாக நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதை மூடுங்கள். ஒரு சர்வரில் சரியானதும் மற்றவற்றின் ரிசால்வ் கோப்புகளையும் திறந்து பாருங்கள்; ஒரே இமேஜிலிருந்து (சர்வர் நகலெடுக்கும் மூலப் பிரதி) வந்தவை என்றால் அதே பழைய முகவரி அங்கேயும் இருக்கும்.