நோயாளிக்கு நம்பிக்கை கொடுக்கப் பொய் சொல்வது சரியா?

கேள்வி ஒரே வரிதான்: "நம்பிக்கை கொடுப்பதற்காக ஒருவரிடம் பொய் சொல்வது தர்மமா? எங்கள் ஊர் கோத்தகிரி." தத்துவம் கேட்பவர்கள் ஊர்ப் பெயர் சொல்ல மாட்டார்கள். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ புற்றுநோய் என்றுதான் எனக்குப் படுகிறது. கோயம்புத்தூரில் டாக்டர் உங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார். திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் டீக்கு வண்டியை நிறுத்தி, அப்பா உள்ளேயே உட்கார்ந்திருக்க, வெளியே நின்று பேசி "அல்சர்னு சொல்லிடலாம்" என்று முடிவெடுத்திருப்பீர்கள். ஃபைல் இப்போது பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது. இதெல்லாம் என் ஊகம்தான், அதை வைத்தே எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். வேறு யாருக்காவது பயன்படும்.

முதலிலேயே ஒன்று. நான் டாக்டர் இல்லை. நீலகிரி மலையில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் வேலை. கீழே மருந்து அளவு சொல்லியிருப்பது விஷயம் புரிவதற்காகத்தான்; அளவை முடிவு செய்ய வேண்டியது உங்கள் டாக்டர். "கல்நெஞ்சுக்காரி, சாகப் போறவன்கிட்ட போய் உண்மையைச் சொல்லச் சொல்றா" என்று பின்னூட்டம் போட வருகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஏற்கெனவே பதில் எழுதியவர்கள் "பொய்ம்மையும் வாய்மை யிடத்த" என்ற 292ஆம் குறளைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். முதல் மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்வதுதான் சிக்கல். அடுத்து வரும் சொல் "புரைதீர்ந்த". குற்றம் துளியும் ஒட்டாத நன்மை கிடைத்தால் மட்டும்தான் அந்தச் சலுகை. நல்ல எண்ணத்தோடு சொன்னால் போதும் என்று வள்ளுவர் விடவில்லை, விளைவைப் பார்க்கச் சொல்கிறார். ஆகவே விளைவையே பார்ப்போம். என்னுடைய அளவுகோல் ஒன்றே ஒன்று: அந்தப் பொய்யை நம்பி அவர் ஏதாவது முடிவு எடுப்பாரா? எடுப்பார் என்றால் சொல்லாதீர்கள்.

மாத்திரையில் இருந்து தொடங்கலாம், பொய் முதலில் இடறுவது அங்கேதான். வலி முற்றினால் மார்ஃபின் எழுதுவார்கள். 10 மில்லிகிராம் மாத்திரை, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. வயதானவர், மெலிந்தவர் என்றால் பாதி அல்லது கால் மாத்திரையில் தொடங்குவார்கள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. நடு ராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காக இரவு 10 மணிக்கு இரட்டை அளவு. கூடவே மலமிளக்கி கட்டாயம். மார்ஃபினால் வரும் மலச்சிக்கல் நாள் போகப் போகப் பழகிப் போவதில்லை. வாந்தி, தூக்கக் கலக்கம் முதல் சில நாள் இருந்து பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த மருந்தின் சூத்திரமே வலி வருவதற்கு முன்னால் போட வேண்டும் என்பதுதான்.

இதை வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? "வாயு மாத்திரை" என்று. வாயு மாத்திரையை யார் மணி பார்த்துப் போடுவார்கள்? மூன்று நாள் போட்டதும் வலி குறையும். "இப்ப தேவலை, எதுக்கு சும்மா மாத்திரை" என்று அவரே நிறுத்திவிடுவார். மறுநாள் வலி மொத்தமாகத் திரும்பும். கொஞ்ச நாளாகப் போட்டு வந்திருந்தால் திடீரென்று நிறுத்தியதில் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் எல்லோரும் நோய் முற்றிவிட்டது என்று பதறுவார்கள். நோய் அப்படியேதான் இருக்கும், மாத்திரையின் பெயர்தான் தப்பு. மலமிளக்கிக்கும் இதே கதி. "அல்சருக்கு எதுக்கு பேதி மருந்து?" என்று ஓரம் கட்டிவிடுவார். அஞ்சு நாள் வயிறு இறுகி, வலி இரட்டிப்பாகி, அதற்கும் பழி நோயின் மேல் விழும்.

அடுத்தது கரன்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு. எலும்புக்குப் பரவி வலிக்கிறது என்றால், வலியைக் குறைக்க 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே போதும் பலருக்கு. பத்து தடவையாகப் பிரித்துக் கொடுப்பதற்கும் இதற்கும் வலி குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை. பின்னால் இன்னொரு முறை தேவைப்படும் வாய்ப்பு மட்டும் ஒரு தடவைக்காரர்களுக்கு அதிகம். மலையில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! பத்து நாள் கோயம்புத்தூரில் ரூம் எடுப்பதா, ஒரு நாள் இறங்கி ஏறுவதா? ஆனால் "இது வெச்சா முழுசா சரியாயிடும்" என்று சொல்லி அழைத்துப் போயிருந்தால், ஒரே தடவையில் அனுப்பியதும் அவர் கேட்பார்: "அவ்வளவுதானா? என்னைக் கைவிட்டுட்டாங்களா?" வலிக்காகத்தான் வைக்கிறோம் என்று முதலிலேயே தெரிந்தவர் இப்படிக் கேட்பதில்லை. வைத்த முதல் சில நாள் வலி கொஞ்சம் கூடலாம், முழுப் பலன் தெரிய சில வாரம் ஆகலாம் என்பதையும் அவரிடமே சொல்ல முடியும்.

பணத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். ஆறு மாதத்தில் எழுந்துவிடுவோம் என்று நம்புகிறவர் அரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை விற்று வைத்தியம் பார்ப்பார், அல்லது விற்க வேண்டியதை, பெயர் மாற்ற வேண்டியதைத் தள்ளிப்போடுவார். இரண்டுமே பின்னால் இருப்பவர்கள் தலையில் விடியும். "நூறு சதவீதம் குணம்" என்று பொடி விற்கிறவர்களுக்கு முதல் வாடிக்கையாளர்கள், நோயின் பெயர் தெரியாத நோயாளிகள்தான்.

"அதெல்லாம் சரி, தெரிஞ்சா அவர் உடைஞ்சு போயிடுவாரே" என்பீர்கள். தெரியாது என்று யார் சொன்னது? ஆஸ்பத்திரி வாசலில் பெயர்ப் பலகை இருக்கிறது. கதிர்வீச்சுக்கு உடம்பில் மையால் கோடு போடுகிறார்கள். தீபாவளியும் இல்லை, படுகர்களின் ஹெத்தை பண்டிகையும் இல்லை, திருப்பூரில் இருக்கும் மகன் மூன்று நாள் லீவு போட்டு வந்து நிற்கிறான். போன் வந்தால் எல்லோரும் எழுந்து பின்பக்கம் போகிறார்கள். சிக்னல் அங்கேதான் கிடைக்கும் என்பது நல்ல சாக்கு. ஆனால் எஸ்டேட் லைன் வீட்டில் பின்பக்கம் பேசுவது கட்டிலில் படுத்திருப்பவர் காதில்தான் முதலில் விழும். அவருக்குத் தெரியும். உங்களை அழ வைக்க வேண்டாம் என்று அவரும் நடிக்கிறார். ஒரே அறையில் இரண்டு நாடகம் ஓடுகிறது. பயத்தைச் சொல்லி அழ ஆள் இல்லாமல் ராத்திரி விழித்துக்கொண்டு கிடப்பதும் ஒரு வலிதான். அதற்கு மார்ஃபின் கேட்காது.

அதற்காகப் போய் நிற்க வைத்து "உனக்குக் கேன்சர்" என்று போட்டு உடைக்கச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. எவ்வளவு வேண்டும் என்று அவரையே கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இப்படி. வலி அடங்கியிருக்கும் நேரமாகப் பாருங்கள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து நல்லது. டிவியை அணையுங்கள். வருகிறவர் போகிறவரை ஒருவர் வாசலில் நின்று சமாளிக்கட்டும். நின்றுகொண்டு பேசாதீர்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் தாழ உட்காருங்கள்.

"எனக்கு என்னதான்டா?" என்று அவரே கேட்டால், உடனே பதில் சொல்லாமல், "உங்களுக்கு என்னப்பா தோணுது?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே, "கட்டிதானே?" என்று முடித்துவிடுவார்கள். இல்லையென்றால், "டாக்டர் சொன்னது எல்லாம் தெரியணுமாப்பா, இல்ல நான் பாத்துக்கட்டுமா?" "நீ பாத்துக்க" என்றால் விட்டுவிடுங்கள், அது அவர் முடிவு. சொல் என்றால் படிப்படியாக: "நாம நெனச்ச மாதிரி சாதாரணப் புண் இல்லப்பா." நிறுத்துங்கள். அவர் முகத்தைப் பாருங்கள். கேட்டால்தான் அடுத்தது: "கட்டி. நல்ல கட்டி இல்ல." மறுபடி நிறுத்துங்கள். அந்த மௌனத்தை நிரப்ப வாய் துடிக்கும். "ஒண்ணும் ஆகாதுப்பா" என்று அங்கே ஓடிப் போய்ச் சொல்வதுதான் எல்லாவற்றையும் கெடுப்பது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள். பிறகு, இனி என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்லுங்கள். வலி வராமல் பார்த்துக்கொள்வோம், ராத்திரி தனியாக விட மாட்டோம். இரண்டுமே நம்மால் காப்பாற்றக்கூடிய வாக்கு.

"எத்தனை நாள்?" என்று கேட்டால் தேதி சொல்லாதீர்கள், யாருக்கும் தெரியாது. மாதத்துக்கு மாதம் தளர்ந்தால் மாதக் கணக்கு, வாரத்துக்கு வாரம் என்றால் வாரக் கணக்கு, நாளுக்கு நாள் என்றால் நாள் கணக்கு. இதுதான் இந்த வேலையில் இருப்பவர்கள் பார்க்கும் குத்துமதிப்பு. நம்பிக்கை என்பது "பிழைப்பேன்" மட்டும் இல்லை. வெந்நீரில் குளித்து, அடுப்படியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ வலியில்லாமல் குடிப்பதும் நம்பிக்கைதான். பேத்தி சடங்கு, மார்கழிப் பண்டிகை என்று எட்டுகிற தூரத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பொய் தேவைப்படாது.

பொய்யே கூடாது என்று நான் சொல்லவில்லை. மறதி நோய் முற்றிய பாட்டி, பத்து வருஷம் முன்னால் இறந்த கணவரை தினமும் சாயங்காலம் தேடுகிறார். ஒவ்வொரு நாளும் "அவர் செத்துட்டார்" என்றால், ஒவ்வொரு நாளும் புதுச் சாவு அவருக்கு. "கடைக்குப் போயிருக்காரு பாட்டி, வந்துடுவாரு" என்று சொல்லி டீ கொடுங்கள். அந்தப் பொய்யை வைத்து அவர் எடுக்கப் போகும் முடிவு எதுவும் இல்லை. குறள் சொல்லும் புரைதீர்ந்த நன்மைக்கு இது பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். கடைசி மணி நேரத்தில் நினைவு தடுமாறி, "மகன் வந்துட்டானா?" என்று கேட்கும்போது "வந்துக்கிட்டே இருக்கான்" என்பதும் அப்படியே. துபாயில் இருக்கிறான் என்றால் அதைவிட நல்லது, போனில் அவனைப் பேச வைத்துக் காதில் வைப்பது. கண் மூடிக் கிடந்தாலும் காது கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

வந்துகொண்டே இருக்கிறான் என்றதும் இது ஞாபகம் வந்துவிட்டது. கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். கோடையில் ஊட்டிக்குக் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழிப் பாதை போடுகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி நேரத்தில், வலியில் துடிக்கிறவருக்கு மருந்து கொண்டு போகும் வண்டி, ரோட்டோரத்தில் கேரட்டோடு போட்டோ எடுக்கிற கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறது. சீசன் தொடங்குமுன் மார்ஃபின் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிற மருந்து இல்லை அது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தி, மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கினார்கள், ஆனால் அனுமதி உள்ள இடத்தில்தான் இன்றும் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை (வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை) பார்ப்பதும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். அவசரத்துக்கு 108.

இன்னொரு பொய்யையும் விட்டுவிடுங்கள்: "சாப்பிட்டா தெம்பு வந்துடும்." கடைசி நாட்களில் உடம்பு சாப்பாட்டைக் கேட்பதில்லை. கட்டாயப்படுத்தி ஊட்டும் கஞ்சி நுரையீரலுக்குள் போய் இருமலும் மூச்சுத்திணறலும் கொண்டு வரும். அவர் கேட்டால் ஒரு ஸ்பூன், நிமிர்த்தி உட்கார வைத்து. கேட்காவிட்டால் ஈரத் துணியால் உதட்டையும் வாயையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை துடைத்தால் போதும்.

உண்மையைச் சொன்ன அன்று ராத்திரி யாராவது அதே அறையில் படுங்கள். 10 மணி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் கொடுக்க மறக்க வேண்டாம். மறுநாள் காலை அவர் ஒன்றுமே கேட்காதது போல "டாக்டர் என்னதான் சொன்னாரு?" என்று மறுபடி ஆரம்பிக்கலாம். "நேத்தே சொன்னேனேப்பா" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்னப்பா தோணுது?" என்பதிலிருந்து தொடங்குங்கள்.