கேஸ் வண்டிக்கு 14,000 ரூபாய் செலவு: கடன் வாங்கிச் செய்யலாமா?

கேள்வி: கோவையில் தினமும் வேலைக்குப் போக 2013-ல் பதிவான ஆம்னி வேன் வைத்திருக்கிறேன். எல்.பி.ஜி. கிட் போட்டது. மாதம் கேஸுக்கு 4,500 ரூபாய் ஆகிறது. கேஸில் ஓட்டினால் மேடு ஏறும்போது திணறுகிறது, இரண்டு முறை ஏர் ஃபில்டர் பக்கம் 'டப்' என்று வெடித்தது. பெட்ரோலில் சரியாக ஓடுகிறது. பவர் காயில் (தீப்பொறிக்கு அதிக வோல்டேஜ் தருவது), இரிடியம் பிளக், புது ஒயர், டைமிங் அட்வான்ஸர் (தீப்பொறியைச் சற்று முன்னதாகப் பாயவைப்பது) எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய், கேஸ் 15 சதவீதம் மிச்சமாகும் என்கிறார் மெக்கானிக். 12 மாத இ.எம்.ஐ.யில் போடலாமா?

பதில்: மொத்தமாக இப்போது வேண்டாம். ஆனால் அந்த வெடிப்புச் சத்தத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

காற்றோடு கலந்த கேஸைத் தாண்டித் தீப்பொறி பாய, பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் தேவை. தேய்ந்த பிளக்கும் பழைய ஒயரும் பெட்ரோலில் சமாளித்துவிடும், கேஸில் காட்டிக்கொடுத்துவிடும். சிலிண்டரில் பற்றாத கேஸ் உள்ளிழுக்கும் குழாயில் பற்றினால்தான் அந்த 'டப்'. ஏர் ஃபில்டர் பெட்டியே உடைந்துபோவதும் உண்டு. மெக்கானிக் நோயைச் சரியாகத்தான் சொல்கிறார், எனக்கு ஒப்பாதது மருந்துச் சீட்டின் நீளம்.

உங்களுடையது மூன்று சிலிண்டர் வண்டி. மூன்று சாதாரண பிளக், ஒரு செட் ஒயர், புது ஏர் ஃபில்டர் மாற்றச் சொல்லுங்கள். பிளக் இடைவெளியை 0.8 மி.மீ. அளவுக்குக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அப்புறம் இரண்டு டேங்க் கேஸுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதிவையுங்கள். திணறல் நிற்காவிட்டால் காயிலைச் சோதித்து, பழுது என்றால் அதை மட்டும் மாற்றலாம்.

இப்போது 14,000 கணக்குக்கு வருவோம். 15 சதவீதம் மிச்சம் என்றால் மாதம் 675 ரூபாய், போட்ட பணம் திரும்ப 21 மாதம். ஆனால் தீப்பொறி சரியானால் இதுவரை வீணான கேஸ்தான் மிச்சமாகும். நன்றாக எரியும் எஞ்சினில் பெரிய காயில் போட்டாலும் மைலேஜ் கூடாது. 5 சதவீதம்தான் மிச்சம் என்று வையுங்கள்: மாதம் 225 ரூபாய், 62 மாதம் ஆகும். 18 சதவீத வட்டியில் இ.எம்.ஐ. போட்டால் வட்டியே ஏறக்குறைய 1,400 ரூபாய். 2028-ல் வண்டிக்கு 15 வருடம் முடிகிறது. ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம், அது போக பசுமை வரி. இந்த வண்டிக்காகச் சேர்க்க வேண்டிய பணம் அதற்குத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. கிட் உங்கள் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா, இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கிறதா? பாலிசியில் சேர்க்க, சொந்தச் சேதப் பகுதிக்குக் கிட் மதிப்பில் 4 சதவீதமும் மூன்றாம் நபர் பகுதிக்கு 60 ரூபாயும் கூடுதல் பிரீமியம் என்பது வழக்கமான கணக்கு. அதைச் சேர்க்காமல் வண்டி தீப்பிடித்தால், முழு வண்டிக்கான க்ளெய்மும் சிக்கலாகும். இந்த வாரமே இரண்டு காகிதத்தையும் எடுத்துப் பாருங்கள். கேஸ் அடைக்கும் சிலிண்டரின் சோதனைத் தேதி 5 வருடத்தைத் தாண்டிவிட்டதா என்றும் கூடவே பாருங்கள்.