மழைக்காலத்தில் கோழிக்கூண்டை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, உள்ளே பல்பு போட்டு வைக்கலாமா?

வேண்டாம். இரண்டுமே வேண்டாம்.

எத்தனை கோழி, என்ன வயது என்று கேள்வியில் இல்லை. கொல்லையில் நாலைந்து பெட்டையும் ஒரு சேவலும் இருக்கும், எல்லாம் இறகு முளைத்து வளர்ந்தவை என்று எடுத்துக்கொள்கிறேன். விடாத மழையில் அவை ஒற்றைக்காலில் ஒடுங்கி நிற்பதைப் பார்த்து உங்களுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் யாராவது "பாவம், ஒரு பல்பாவது போடக்கூடாதா?" என்று சொல்லியும் இருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னவர் என் மாமனார்.

நான் வெளியூர் போயிருந்த நேரம் நல்ல மழை. மாமனார் கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, கூரைக்குக் கீழே நான் விட்டிருந்த இடைவெளியில் சாக்கைத் திணித்து, ஒயர் இழுத்து ஒரு பல்பையும் தொங்கவிட்டுவிட்டார். நான் திரும்பி வந்ததும், "உள்ள கையை விட்டுப் பாருங்க மாப்ள, எவ்வளவு கதகதப்பா இருக்கு" என்றார். கதகதப்பாகத்தான் இருந்தது. கதவைத் திறந்தால் நெடி கண்ணைக் குத்தியது. தார்ப்பாயின் உள்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே கூளம் சொதசொத. இரண்டு பெட்டைகள் தும்மிக்கொண்டிருந்தன, ஒன்றுக்குக் கண்ணில் நுரை. இத்தனைக்கும் வெளியிலிருந்து ஒரு சொட்டு மழைகூட உள்ளே வரவில்லை.

அப்புறம் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? கோழியிடமிருந்துதான். எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மூச்சிலும் ராத்திரி முழுக்க ஈரம் வெளியேறுகிறது. மேலே போக வழியில்லை என்றால் அது கூரையில் படிந்து திரும்பக் கோழி மேலேயே விழும். ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். பண்ணைகளில் 25 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு, தாண்டக் கூடாது என்பார்கள். அதற்கு மீட்டர் வாங்க வேண்டியதில்லை. காலையில் கூண்டுக்குள் குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சை இழுங்கள். உங்கள் கண் எரிந்தால் அதற்கும் எரிகிறது.

கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். இறகை உப்பி, இடையில் காற்றைப் பிடித்து வைத்து அந்தச் சூட்டை அதுவே காப்பாற்றிக்கொள்ளும். இறகு நனைந்தால் அந்தக் காற்று போய்விடும். பிறகு அது நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரிதான். ஆகவே நீங்கள் துரத்த வேண்டியது ஈரத்தை. குளிரைக் கோழி பார்த்துக்கொள்ளும்.

தார்ப்பாயைப் பிரித்துப் போட்டேன். மாமனார் அன்றைக்கு என்னிடம் பேசவில்லை. கூரைக்குக் கீழே, கோழி உட்காரும் கட்டைக்கு மேலே, கம்பி வலை அடித்த இடைவெளியை மறுபடி திறந்துவிட்டேன். கூரை ஓரம் நன்றாக வெளியே நீண்டிருந்தால் அதன் வழியாகச் சாரல் வராது. கட்டையிலிருந்து கீழே மட்டும் மூன்று பக்கம் பலகையால் அடைத்தேன். காற்று தலைக்கு மேலே போகலாம், கோழி மேலே அடிக்கக் கூடாது. நனைந்த கூளத்தை முழுக்க வாரிக் கொட்டிவிட்டு, காய்ந்த மரச்சீவலைச் சாண் உயரத்துக்கு நிரப்பினேன். உமி, நறுக்கின வைக்கோல் எதுவும் சரிதான், பூஞ்சை மட்டும் கூடாது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சூடும் ஈரமும் சேர்ந்த கூளத்தில்தான் ரத்தக் கழிச்சல் கிருமி செழித்து வளரும். பல்பு போட்டு நாம் செய்வது கிட்டத்தட்ட அதற்கான ஏற்பாடு. தண்ணீர்ப் பாத்திரத்தையும் பாருங்கள். அது தரையில் இருந்தால் பாதி ஈரத்துக்கு அதுவே காரணம். செங்கல் வைத்து கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்குங்கள்.

உட்காரும் கட்டை மரமாக, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலத்தில், மேல்பக்கம் தட்டையாக இருக்கட்டும். அப்போதுதான் வயிற்று இறகால் விரலை மூடிக்கொண்டு தூங்கும். இரும்புக் குழாய் வேண்டவே வேண்டாம், காலில் இருக்கிற சூட்டை அது உறிஞ்சிவிடும். இதை நான் கூண்டு செய்த வெல்டரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டிவிட்டு இரும்புக் குழாயைத்தான் வைத்தார். கூரைச் சரிவையும் கதவுப் பக்கமாக வைத்துவிட்டார். மழையில் கதவைத் திறக்கும் ஆளின் பிடரியில் நேராகத் தண்ணீர் கொட்டும். கூப்பிட்டால் "நாளைக்கு வர்றேன் சார்" என்பார், பணம் முழுக்க கைக்குப் போன பிறகு போனையே எடுக்கவில்லை. வேலை முடியும் முன்னால் முழுப் பணத்தைக் கேட்கும் இந்தப் பழக்கத்தை யார்தான் ஆரம்பித்தார்களோ! சரி, அது வேறு கதை.

"பனி உறையும் ஊரில் இருந்து பார், அப்போது தெரியும்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். அங்கேயும் கொண்டை உறைந்து கருக்கும் கூண்டுகளில் பெரும்பாலும் காற்றோட்டம் இருக்காது, ஈரம்தான் இருக்கும். கடும் குளிரில் தண்ணீர் உறையாமல் பார்ப்பதும், பெரிய கொண்டைக்காரச் சேவலைத் தனியாகக் கவனிப்பதும் தேவை, ஒப்புக்கொள்கிறேன். பெரிய பண்ணைக்காரர்களும் சண்டைக்கு வர வேண்டாம், நான் பேசுவது கொல்லைக் கோழியைப் பற்றி மட்டும். பல்பைப் பொறுத்தவரை, அது காய்ந்த சீவலில் விழுந்தால் தீ. மின்சாரம் போனால், சூட்டுக்குப் பழகின கோழி நடுராத்திரியில் திடீர்க் குளிரில் மாட்டும்.

குஞ்சுகளுக்கு மட்டும் இது எதுவும் பொருந்தாது. முதல் வாரம் 35 டிகிரிவரை சூடு வேண்டும், வாரத்துக்கு 3 டிகிரியாகக் குறைத்து, இறகு முழுதாக மூடும்வரை, சுமார் ஆறு வாரம், கொடுக்க வேண்டும். சில்க்கி இனம் வளர்ந்தாலும் மழையில் விடாதீர்கள், அதன் இறகில் தண்ணீர் வழிந்து ஓடாது, ஊறும்.

அடையும் நேரத்துக்கு முன்னால் ஒரு பிடி மக்காச்சோளம் போடுங்கள். ராத்திரி செரிக்கும்போது உடம்பு சூடாகும். முட்டை குறைந்தால் குளிரைத் திட்டாதீர்கள், பகல் குறைந்ததுதான் முக்கியக் காரணம். ஏதாவது ஒன்று தொப்பலாக நனைந்துவிட்டால் துண்டால் ஒற்றி, வீட்டுக்குள் ஒரு பெட்டியில் உலரவைத்துவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகே கூண்டுக்கு அனுப்புங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை இப்போது மாமனாருடையது. ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்து, குறைந்த சூட்டில்தான் காட்டுகிறார். தும்மலும் நின்றுவிட்டது. தார்ப்பாய் கட்டினதால்தான் கோழிகள் பிழைத்தன என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் மறுத்துப் பேசுவதில்லை.