ஆலைக் கட்டட வீட்டுக்கு எந்த உள் அலங்காரம்?

கேள்வி: எங்களுடையது பழைய தொழில் நகரம். இங்கே மூடப்பட்ட நூற்பாலை ஒன்றைக் குடியிருப்பாக மாற்றியதில் ஒரு வீடு வாங்கியுள்ளோம். இண்டஸ்ட்ரியல், ஸ்காண்டிநேவியன், விண்டேஜ் என்று மூன்று பாணிகளைக் காட்டிய உள் அலங்கார நிறுவனம், இப்போது பலரும் கேட்பது முதலாவதுதான் என்கிறது. அதற்குத்தான் தொகையும் அதிகம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: 1960களில் நியூயார்க்கின் சோஹோ பகுதியில், காலியாகக் கிடந்த தொழிற்கூடங்களில் குறைந்த வாடகைக்குக் குடியேறிய ஓவியர்கள், செங்கல் சுவரையும் வார்ப்பிரும்புத் தூணையும் இருந்தபடியே விட்டுவைத்ததில் வளர்ந்தது இண்டஸ்ட்ரியல் பாணி. சிக்கனத்தில் பிறந்த அந்தப் பாணிக்குத்தான் உங்களிடம் கூடுதல் தொகை கேட்கிறார்கள். அசல் சுவரைப் பலகையால் மறைத்து, அதன் மேல் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் செங்கல் டைல்ஸ் ஒட்டுவது அவர்கள் திட்டமென்றால், அந்தச் செலவை மதிப்பீட்டிலிருந்து அடித்துவிடுங்கள்.

அசல் சுவரை வெளிக்கொணர்வதென்றால் கவனம் தேவை. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தால், சூளையில் வெந்து இறுகிய செங்கலின் மேல்தோல் போய்விடும். பிறகு அது ஈரத்தை உறிஞ்சும். இணைப்புக் காரையைச் சாவி முனையால் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. அங்கே சிமெண்ட் வைத்து அடைத்தால், காரை வழியே வெளியேற வேண்டிய ஈரம் செங்கல் வழியே வெளியேறி, அதன் முகத்தைப் பொரிந்து உதிரச் செய்யும். ஆகவே 'சுண்ணாம்புக் காரை' என்ற சொல் ஒப்பந்தத்திலேயே இடம்பெறட்டும். பழைய பெயிண்ட்டில் ஈயமும், குழாய் உறையில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும் என்பதால், பரிசோதனைக்கு முன் அவற்றைச் சுரண்டவோ பிரிக்கவோ விடாதீர்கள்.

செங்கலும் சிமெண்ட் தரையும் கண்ணாடியும் சேர்ந்தால் கூடத்தில் பேச்சு எதிரொலிக்கும். இதைப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. குளிர்காலப் பகல் குறுகிய வடநாடுகளில் வெளிச்சத்தைப் பெருக்கப் பயன்பட்ட ஸ்காண்டிநேவியன் வெளிர் நிறம் பெரிய ஜன்னல்கள் உள்ள ஆலை வீட்டுக்கு அவ்வளவு அவசியமில்லை என்றாலும், அதன் கம்பளமும் துணித் திரையும் ஓசையைத் தணிக்கும் என்பதால், அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். விண்டேஜ் பாணிக்கான பழைய மரச்சாமானில் ஊசித்துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால், எவ்வளவு அழகாயினும் வாங்க வேண்டாம்.

தொகுப்பாக விலை பேசாமல், பொருள், கனம், கூலி எனப் பிரித்த மதிப்பீடு கேளுங்கள். வெளிச்சுவரும் தூண்களும் கட்டடத்தின் பொதுச் சொத்தாக இருக்கலாம். குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதி கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.