மெயில் அனுப்பும் கட்டளை பிழை எதுவும் காட்டாமல் முடிந்தால் மெயில் போய்விட்டது என்று அர்த்தமா?

கேட்டவரின் நிலைமை நான் புரிந்துகொண்டவரை இதுதான்: லினக்ஸ் சர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் சென்ட்மெயில் கட்டளையைக் கூப்பிட்டு மெயில் அனுப்புகிறது. கட்டளை பேசாமல் முடிந்துவிடுகிறது. ஆனால் வரவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். மெயில் அனுப்பும் இன்னொரு சின்ன நிரலான எம்எஸ்எம்டிபிக்கு மாறலாமா என்று யோசிக்கிறார். கூட வேலை செய்பவர்களோ, இந்தக் காலத்தில் யார் கட்டளை வரியிலிருந்து மெயில் அனுப்புகிறார்கள் என்று கேட்கிறார்கள்.

தலைப்புக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. மாறலாமா என்பதற்கு: பெரும்பாலும் மாறலாம். ஆனால் ஏன் என்று தெரியாமல் மாறினால் இன்னொரு இடத்தில் இதே சிக்கலில் மாட்டுவீர்கள். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கில் மெயில் அனுப்பும் நிறுவனங்களைப் பற்றி நான் பேசவில்லை. நாளுக்குச் சில நூறு மெயில் போகிற இடங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். எனக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

ஒரு நூலகத்தின் கணினிகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் திருப்பித் தரவேண்டிய நாளுக்கு முன்பே வாசகர்களுக்கு நினைவூட்டல் மெயில் போகும். அதை அனுப்பியது ஒரு நிறுவனம் எழுதிக்கொடுத்த மென்பொருள். அதன் திரையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பச்சை நிறத்தில் "அனுப்பப்பட்டது" என்று வரும். ஒரு கட்டத்தில் வாசகர்கள் மெயில் வரவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மென்பொருள் நிறுவனத்திடம் கேட்டால், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார், ஸ்பேம்ல பாக்கச் சொல்லுங்க" என்பதே எப்போதும் பதில்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். ஒருநாள்கூடத் தாமதமாகப் புத்தகம் கொடுத்தவர் இல்லை. அவரிடம் தாமதக் கட்டணம் கேட்டார்கள். "மெயில் வரவே இல்லையேம்மா" என்றார். கவுண்டரில் இருந்த பெண் திரையை அவர் பக்கம் திருப்பி, "போயிருக்கே ஐயா, பாருங்க" என்று அந்தப் பச்சை எழுத்தைக் காட்டினார். அந்தப் பெண் மேல் தப்பில்லை, திரை சொன்னதைத்தான் அவர் சொன்னார். ஆனால் அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் பொய்யர் ஆக்கப்பட்டார். மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டுப் போனார். எனக்கு அது பொறுக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த மென்பொருளின் ஸ்கிரிப்டைத் திறந்தேன்.

உள்ளே சென்ட்மெயில் கட்டளையைக் கூப்பிடும் ஒரு வரி. அதன் வெளியீடு முழுவதும் டெவ் நல்லுக்கு, அதாவது போட்டதெல்லாம் காணாமல் போகும் இடத்துக்கு, திருப்பிவிடப்பட்டிருந்தது. எக்ஸிட் கோட் (கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண், பிழை இல்லாவிட்டால் 0) 0 என்றால் "அனுப்பப்பட்டது". அவ்வளவுதான் சோதனை.

இங்கே கொஞ்சம் பின்கதை வேண்டும். சென்ட்மெயில் என்பது எரிக் ஆல்மன் பெர்க்லியில் எழுதிய நிரல். 1980களின் தொடக்கத்தில் பிஎஸ்டி யூனிக்ஸோடு பரவியது. எல்லா நிரல்களும் அதைக் கூப்பிட்டே மெயில் அனுப்பப் பழகிவிட்டதால், பின்னால் வந்த எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற மெயில் நிரல்கள் எல்லாம் அதே பெயரில் ஒரு கட்டளையை வைத்துக்கொண்டன. ஆகவே உங்கள் சர்வரில் சென்ட்மெயில் என்ற கட்டளை இருப்பதால் உள்ளே இருப்பது ஆல்மனின் நிரல்தான் என்று நினைக்காதீர்கள். அது எதற்கான இணைப்பு என்று முதலில் பாருங்கள். நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை இதுதான்.

நூலகத்தில் இருந்தது போஸ்ட்ஃபிக்ஸ். அதன் சென்ட்மெயில் கட்டளை மெயிலை வாங்கித் தன் வரிசையில் வைத்துவிட்டு உடனே 0 சொல்லிவிடும். "வாங்கிக்கொண்டேன்" என்பதுதான் அந்த 0. வெளியே இருக்கும் சர்வரிடம் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு. தபால் பெட்டியில் கடிதம் போடுவதற்கும், கவுண்டரில் கொடுத்து ரசீது வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது. அந்த மென்பொருள் பெட்டியில் போட்டுவிட்டு ரசீது வாங்கியதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

வரிசையைக் காட்டும் மெயில்கியூ கட்டளையைத் தட்டியதும் பக்கம் பக்கமாக ஓடியது. ஒவ்வொன்றின் கீழும் ஒரே காரணம்: 535, உள்நுழைவு ஏற்கப்படவில்லை. எங்கள் மெயில் சேவை வெறும் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தியிருந்தது. ஜிமெயிலிலும் 2022 மே 30 அன்று இப்படி ஒரு மாற்றம் வந்தது. அதற்குப் பின் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்தால்தான் கடவுச்சொல் கொண்டு நுழையும் நிரல்கள் நுழைய முடியும். போஸ்ட்ஃபிக்ஸ் இந்த 535ஐத் தற்காலிகக் கோளாறாகவே எடுத்துக்கொள்ளும். யாராவது கடவுச்சொல்லைச் சரிசெய்வார்கள் என்று மெயிலை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். மாற்றி அமைக்காவிட்டால் 5 நாள். அதன் பிறகு, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பும்.

அனுப்பியவர் யார்? ஸ்கிரிப்டில் உறை முகவரியை, அதாவது போகாத மெயில் திரும்பி வரவேண்டிய முகவரியை, குறிக்கும் '-எஃப்' இல்லை. ஆகவே வெப் சர்வர் எந்தப் பயனர் பெயரில் ஓடியதோ அந்தப் பயனர்தான் அனுப்பியவர். திரும்பி வந்த மெயில்கள் எல்லாம் சர்வருக்குள்ளேயே அந்தப் பயனரின் அஞ்சல் கோப்பில் விழுந்துகொண்டிருந்தன. அதைத் திறந்து படிக்க மனிதர் யாரும் இல்லை. ஆசிரியருக்குப் போகவேண்டிய மெயிலும் அதற்குள்ளேதான் இருந்தது. அதை அச்செடுத்து நூலகரிடம் கொடுத்தேன். கட்டணம் அவருக்குத் திரும்பக் கொடுக்கப்பட்டது.

போஸ்ட்ஃபிக்ஸைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பதிவில் எழுதியது, வரிசையில் காட்டியது, திருப்பியும் அனுப்பியது. கேட்கத்தான் ஆள் இல்லை. அதை இயக்கிப் பராமரிக்க ஒருவர் இருக்கும் இடத்தில் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அப்படி ஒருவர் இல்லை. எனவே வரிசையே இல்லாத ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

எம்எஸ்எம்டிபி அப்படிப்பட்டது. பின்னணியில் எதுவும் ஓடாது. மெயிலைக் கொடுத்தால் அங்கேயே வெளி சர்வரோடு இணைந்து, பேசி முடித்து, அது சொன்ன பதிலோடுதான் திரும்பி வரும். எக்ஸிட் கோட் 0 என்றால் அந்த சர்வர் 250 சொல்லி, இனி இந்த மெயில் என் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டது என்று பொருள். பெறுபவரின் பெட்டிக்குள் விழுந்தது என்று பொருள் இல்லை. அந்த உத்தரவாதத்தை எந்த நிரலாலும் தரமுடியாது. ஆனால் பொறுப்பு எந்த இடத்தில் கை மாறியது என்பது உங்களுக்குத் தெரியும். 0 வராவிட்டால் வரும் எண்ணும் பேசும். 77 என்றால் உள்நுழைவு மறுப்பு. 78 என்றால் அமைப்புக் கோப்பில் தவறு. 75 என்றால் இப்போது முடியவில்லை, பிறகு முயன்று பார். 68 என்றால் சர்வரின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை. இணையம் அறுந்தால் அடிக்கடி இதுதான் வரும்.

இதற்கு ஒரு விலை உண்டு. வரிசை இல்லாததால், இணையம் இல்லாத நேரத்தில் கொடுத்த மெயிலை அது வைத்துக்கொள்ளாது. மறுபடி முயல்வது உங்கள் ஸ்கிரிப்டின் வேலை. நான் செய்தது எளிது: ஒவ்வொரு மெயிலும் முதலில் ஒரு அடைவில் கோப்பாக எழுதப்படும், 0 வந்தால் 'போனது' அடைவுக்கு நகரும், 75, 68 வந்தால் அங்கேயே இருந்து அடுத்த சுற்றில் மறுபடி முயலும், வேறு எது வந்தாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நூலகரின் திரையில் சிவப்பில் எழுதும். இதைக்கூட எழுத முடியாத சூழல் என்றால் நல்மெயிலர் பாருங்கள். அது சின்ன நிரல், சொந்த வரிசை வைத்திருக்கும். ஆனால் அதையும் ஒருவர் எட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

உங்களுக்குச் சில மெயில் மட்டும் அரைகுறையாகப் போகிறதா என்றும் பாருங்கள். எங்களுக்கு 535 தீர்ந்த கையோடு அடுத்தது வந்தது. மெயில் போய்ச் சேர்ந்தது, ஆனால் வணக்கம் மட்டும் இருந்தது. புத்தகப் பட்டியலும் தேதியும் இல்லை. கடித வார்ப்புருவில் இடைவெளிக்காக யாரோ ஒரு வரியில் வெறும் புள்ளி மட்டும் வைத்திருந்தார்கள். பழைய வழக்கப்படி சென்ட்மெயில் கட்டளைக்குத் தனிப் புள்ளி உள்ள வரி என்றால் கடிதம் முடிந்தது என்று அர்த்தம். '-ஐ' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் புள்ளியைப் பொருட்படுத்தாமல் கடைசிவரை படிக்கும். ஸ்கிரிப்டிலிருந்து அனுப்பும் எவரும் அதை விடக்கூடாது. எம்எஸ்எம்டிபி எப்படியும் உள்ளீடு முடியும்வரை படிக்கும் என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

தமிழில் அனுப்புகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் சப்ஜெக்ட் வரியை அப்படியே யூடிஎஃப்-8இல் கொட்டாதீர்கள். எம்எஸ்எம்டிபி கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உங்களுக்காகக் குறியாக்கம் செய்யாது. தலைப்பு வரிகளில் ஆங்கிலமல்லாத எழுத்துகளை எப்படிக் குறியாக்கவேண்டும் என்பது 1996இலேயே ஆர்எஃப்சி 2047இல் வகுக்கப்பட்டுவிட்டது. ஒரு குறியாக்கத் துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியும் 3 பைட். பைட்டுகளை ஆங்கில எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 முறையில் போட்டால் ஒரு துண்டில் 15 குறிகள்தான் அடங்கும். 'தமிழ்' என்ற சொல்லே 5 குறி. அதனால் தமிழ் சப்ஜெக்ட் கொஞ்சம் நீண்டாலே இரண்டு மூன்று துண்டாக உடையும். உடைப்பதை ஒரு எழுத்தின் பைட்டுகளுக்கு நடுவில் செய்தால் அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். கையால் செய்ய வேண்டாம். பைத்தானின் ஈமெயில் நூலகத்தில் மெயிலைக் கட்டி, அதை அப்படியே எம்எஸ்எம்டிபிக்குள் செலுத்துங்கள்.

இதைப் பற்றிக் கேட்டபோது அந்த மென்பொருள் நிறுவனம் கொடுத்த யோசனை, "சப்ஜெக்டை இங்கிலீஷ்ல வச்சிடுங்க சார்". தமிழ் வாசகர்களுக்குத் தமிழ் நூலகம் அனுப்பும் கடிதம் அது. தரநிலை எழுதப்பட்டு இத்தனை காலம் ஆன பிறகும், தங்கள் சோம்பலுக்கு மொழியைக் காரணம் காட்டுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எம்எஸ்எம்டிபியின் அமைப்புக் கோப்பு பற்றிச் சுருக்கமாக. பயனர் அடைவில் இருக்கும் அந்தக் கோப்பில் கடவுச்சொல் இருந்தால் அனுமதி 600ஆக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நிரல் ஓட மறுக்கும். அதைவிட, கடவுச்சொல்லை வேறொரு கட்டளையிலிருந்து வாங்கும் 'பாஸ்வேர்டுஇவால்' வரியைப் பயன்படுத்துவது நல்லது. இணைப்பை மறையாக்கம் செய்ய 'டிஎல்எஸ் ஆன்' என்று எழுதவேண்டும். அதை எழுதியிருந்தால், 587ஆம் போர்ட்டுக்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் (சாதாரணமாகத் தொடங்கிய இணைப்பை மறையாக்கத்துக்கு மாற்றுவது) இயல்பாகவே சரியாக இருக்கும். 465 என்றால் கூடவே 'டிஎல்எஸ்_ஸ்டார்ட்டிஎல்எஸ் ஆஃப்' என்றும் எழுதுங்கள். எழுதாவிட்டால் நிரலும் சர்வரும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடும். பதிவுக் கோப்பைக் கட்டாயம் இயக்குங்கள்.

கட்டளை வரியை விட்டு ஏபிஐ சேவைக்கு (நமக்காக மெயில் அனுப்பும் வெளி நிறுவனத்தை நிரல் வழியாகக் கூப்பிடுவது) போகச் சொல்பவர்களுக்கு: போங்கள், தடுக்கவில்லை. பெருமளவில் அனுப்பினால் அதுதான் சரி. ஆனால் அந்த ஏபிஐ தரும் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்ற பதிலும் பெரும்பாலும் வரிசையில் வைத்தேன் என்பதுதான். அதைப் பச்சையில் "அனுப்பப்பட்டது" என்று காட்டினால் அந்த ஆசிரியருக்கு மறுபடி அதே கதி.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. 'பதில் அனுப்பாதீர்கள்' என்ற முகவரியிலிருந்து வரும் மெயில்கள். கட்டணம் கேட்கிறார்கள், கெடு வைக்கிறார்கள், இணைப்பைத் துண்டிப்போம் என்கிறார்கள். ஒரு வரி பதில் எழுத வழி இல்லை. மெயில் என்பது இருவழிப் பாதையாகத்தான் உருவாக்கப்பட்டது. ஒரு மனிதரிடம் பணம் கேட்கும் கடிதத்துக்கு அவர் மறுமொழி எழுத முடியக்கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார் என்பதை நினைத்தாலே கோபம் வருகிறது. நூலகத்தில் '-எஃப்'இலும் அனுப்புநர் வரியிலும் நூலகர் தினமும் திறக்கும் முகவரியையே வைத்தேன். கூட்டம் கூட்டமாகப் பதில் வரும், சமாளிக்க முடியாது என்றார்கள். வந்தவை பெரும்பாலும் "இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாமா" என்ற கேள்விகள். நூலகர் பதில் எழுதினார்.

உங்கள் கேள்விக்குத் திரும்பினால்: மெயில்கியூ என்ன காட்டுகிறது, ஸ்கிரிப்டில் '-எஃப்', '-ஐ' இரண்டும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எம்எஸ்எம்டிபி போட்ட பிறகும் வரவில்லை என்றால் அதன் பதிவுக் கோப்பின் கடைசி வரியைக் கேள்வியில் சேருங்கள். சர்வர் சொன்ன எண்ணும் எக்ஸிட் கோடும் அதிலேயே இருக்கும். பயனர் பெயரும் பெறுபவர் முகவரிகளும் அதில் வரும், அவற்றை நீக்கிவிடுங்கள். ஆனால் டீபக் (பிழை தேடும்) வெளியீட்டை ஒட்டவே ஒட்டாதீர்கள். அதில் கடவுச்சொல் எளிதில் பிரித்துப் படிக்கக்கூடிய வடிவில் வந்துவிடும்.