விமான நிலைய ஆணையத்தில் ரேடியோ பொறியாளர்: ஒரு தந்தையின் கடிதத்துக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் முக்கியமான கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆண்டு இ.சி.இ. படிக்கும் உங்கள் மகள், இந்திய விமான நிலைய ஆணையத்தில், விமானங்களோடு பேசவும் அவற்றைக் கண்காணிக்கவும் உதவும் கருவிகளைக் காக்கும் சி.என்.எஸ். பிரிவில் சேர விரும்புவது நல்ல விருப்பம். படித்த படிப்பை அப்படியே வேலையில் பயன்படுத்தும் வாய்ப்பு இ.சி.இ. முடித்த பலருக்குக் கிடைப்பதில்லை. இந்த வேலையில் அது கிடைக்கும். இதற்காக நீங்கள் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. உறவினர் அழைத்துப்போன பயிற்சி நிலையத்தில் "ஏர்போர்ட் வேலை உறுதி" என்று சொல்லி ஒன்றரை லட்சம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைக் கட்டிவிடாதீர்கள். அங்கே கற்றுத்தருவது டிக்கெட் கவுன்ட்டர், பயணிகள் உதவி போன்ற தரைப்பணிகளுக்கான படிப்பு. அவையும் மதிப்பான வேலைகள்தான். ஆனால் சி.என்.எஸ். வேலைக்கும் அந்தச் சான்றிதழுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆணையத்தின் ஆள்சேர்ப்பு அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் வரும் அறிவிப்பின் வழியாக மட்டுமே நடக்கிறது. நடுவில் ஆள் கிடையாது.

"அப்படி என்னதான் வேலை அது, கம்பி கட்டுவதா?" என்று கேட்டிருந்தீர்கள். மகளிடம் நீங்கள் கோபமாகக் கேட்ட கேள்வி இதுதான் என்று ஊகிக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் எடுக்கும் முடிவு எதுவும் சரியாக இருக்காது.

சி.என்.எஸ். என்றால் தகவல் தொடர்பு, வழிகாட்டல், கண்காணிப்பு. டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற இடங்களில் விமான நிலையத்தைத் தனியார் நடத்தினாலும், வானில் பறக்கும் விமானத்தோடு பேசும் பொறுப்பு ஆணையத்திடமே இருக்கிறது. இந்திய வான்பரப்பை டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரிய பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னையின் பகுதி தென்னிந்தியாவோடு முடிவதில்லை, கடல்மேலும் வெகுதூரம் நீள்கிறது.

விமானியும் கட்டுப்பாட்டாளரும் பேசுவது வி.எச்.எஃப். அலைகளில், ஏறத்தாழ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. அவசர அழைப்புக்கு 121.5. இன்றும் அங்கே, அலையின் வீச்சை மாற்றிக் குரலை ஏற்றும் ஏ.எம். முறையே பயன்படுகிறது. கல்லூரியில் முதலில் கற்றுக்கொடுத்துவிட்டு, 'இதெல்லாம் பழசு' என்று தாண்டிப்போகும் அதே ஏ.எம்.தான். அதற்கு நல்ல காரணம் உண்டு. அலையின் அதிர்வெண்ணை மாற்றும் எஃப்.எம். முறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான அலை மற்றதை விழுங்கிவிடும். பலவீனமான குரல் வந்ததே யாருக்கும் தெரியாது. ஏ.எம். முறையில் இரண்டும் மோதி ஒரு கீச்சொலி எழும். இன்னொருவரும் அழைத்திருக்கிறார் என்று கட்டுப்பாட்டாளருக்குப் புரிந்துவிடும். சிக்கலில் இருக்கும் விமானத்தின் மெலிந்த குரலாகக்கூட அது இருக்கலாமே! 'இன்னும் ஏன் ஏ.எம்.?' என்று உங்கள் மகளிடம் கேட்டுப்பாருங்கள். பதில் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் ஆர்வத்தைப் பார்த்தாலே பாதி முடிவு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் செல்லும். 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தோடு சுமார் 400 கிலோமீட்டர் வரை பேசலாம். அதற்கு அப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். அதனால்தான் பல ஊர்களில் தொலைநிலையங்கள் அமைத்து, அவற்றை ஒரே கட்டுப்பாட்டு அறையோடு இணைக்கிறார்கள். வங்கக் கடலின் நடுவில் கோபுரம் நட முடியாது. அங்கே எச்.எஃப். அலை உதவுகிறது. வளிமண்டலத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்புவதால் அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஆனால் இரைச்சல் அதிகம். பகலுக்கு ஒரு அலைவரிசை, இரவுக்கு வேறொன்று என்று மாற்ற வேண்டும். இப்போது செயற்கைக்கோள் வழியே எழுத்துச் செய்தியாகவும் அனுமதிகள் போகின்றன. அதற்காக எச்.எஃப். கருவிகளைத் தூக்கிப்போட்டுவிடவில்லை. புதியது செயலிழந்தால் பழையது நிற்க வேண்டும்.

இத்தனையையும் இருபத்துநான்கு மணி நேரமும் உயிரோடு வைத்திருப்பவர்கள் சி.என்.எஸ். பொறியாளர்கள். ஒலிபரப்பிகள், ஏற்பிகள், ஆன்டெனாக்கள், கட்டுப்பாட்டாளரின் மேசையில் இருக்கும் குரல் இணைப்பு அமைப்பு, ஒவ்வொரு உரையாடலையும் பதிந்து குறைந்தது 30 நாள் காக்கும் பதிவுக்கருவி ஆகிய எல்லாமே அவர்கள் பொறுப்பில் வரும். இவை போக, மூடுபனியிலும் விமானத்தை ஓடுபாதைக்கு அழைத்துவரும் ஐ.எல்.எஸ்., தூரம் காட்டும் டி.எம்.இ., ரேடார்கள், விமானமே தன் இடத்தை அறிவிக்கும் ஏ.டி.எஸ்.-பி., இஸ்ரோவோடு சேர்ந்து உருவாக்கிய செயற்கைக்கோள் வழிகாட்டல் அமைப்பான ககன் என்று பட்டியல் நீளும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஐ.எல்.எஸ். கருவியின் நெறி. அதன் அலையை அருகிலேயே ஒரு கண்காணிப்புக் கருவி ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். அலை குறித்த எல்லையைத் தாண்டி விலகினால், மாற்று ஒலிபரப்பிக்குத் தானாக மாறும். அதுவும் சரியில்லை என்றால் மொத்தமாக நின்றுவிடும். விமானிக்குத் தவறான பாதையைக் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் இருப்பது மேல். இந்த மனநிலை உங்கள் மகளுக்கு இருக்க வேண்டும். "பரவாயில்லை, ஏறக்குறைய சரிதான்" என்று கையெழுத்துப் போடுகிறவருக்கு ஏற்ற வேலை அல்ல இது.

1996 நவம்பர் 12 அன்று, ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். அன்று டெல்லிக் கட்டுப்பாட்டு அறையில், விமானத்தின் உயரத்தைத் திரையில் காட்டும் இரண்டாம் நிலை ரேடார் இல்லை. விமானி ரேடியோவில் சொன்ன உயரத்தை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. 15,000 அடியில் நிற்கவேண்டிய விமானம் அதற்குக் கீழே இறங்கியது கட்டுப்பாட்டாளருக்குத் தெரியவில்லை. 2025 நவம்பரில் டெல்லியில் விமானத் திட்டங்களைப் பரிமாறும் செய்தி அமைப்பு கோளாறானபோது 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. அத்தனை திட்டங்களையும் கையால் கையாள வேண்டியிருந்தது. நாளிதழ்களில் பயணிகளின் படங்கள் வந்தன. கோளாறைச் சரிசெய்ய உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று உங்கள் மகள் கேட்டிருப்பார். அந்த நாற்காலிக்குத்தான் அவர் போக நினைக்கிறார்.

கடிதத்தில் இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். விமானியோடு பேசுபவர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், அதாவது ஏ.டி.சி. அதற்கு இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும் பொறியாளர்களும் போட்டியிடலாம். கணினித் தேர்வு, குரல் தேர்வு, மருத்துவத் தகுதி எல்லாம் உண்டு. நொடிக்குள் முடிவெடுத்துத் தெளிவாகப் பேசுகிறவருக்கு அது பொருந்தும். அந்தப் பேச்சு போய்ச்சேரும் பாதையைக் காப்பவர் சி.என்.எஸ். பொறியாளர். பழுதின் காரணத்தை நிதானமாகத் தேடிக் கண்டுபிடிக்கிறவருக்கு இது பொருந்தும். உங்கள் மகள் வீட்டு மின்விசிறியின் ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்ப்பதாகக் குறைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இனி வழி. பதவியின் பெயர் ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ், எலெக்ட்ரானிக்ஸ். அண்மைக் காலமாக, பொறியியல் மாணவர்கள் எழுதும் தேசிய அளவிலான கேட் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். தாள் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். 2025 அறிவிப்பில் இருந்த 976 இடங்களில் 527 எலெக்ட்ரானிக்ஸ் பிரிவுக்கானவை. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயில் தொடங்கும். மற்ற படிகளையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 13 லட்சம் என்று அறிவிப்பே சொன்னது. வயது வரம்பு 27, பிரிவுக்கேற்பத் தளர்வு உண்டு. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இத்தனை இடங்கள் வரும் என்று நம்பிவிடாதீர்கள். அறிவிப்பே வராத ஆண்டும் இருக்கலாம். கேட் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும் என்பது இங்கே பெரிய ஆறுதல். அதே மதிப்பெண்ணை வைத்து மேற்படிப்புக்கும் வேறு பொதுத்துறை நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். எனவே அவர் செலவிடும் உழைப்பு ஒரே கதவை நம்பி இருக்காது. மூன்றாம் ஆண்டு மாணவரும் கேட் எழுதலாம். வரும் பிப்ரவரியில் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

பாடங்களில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், கம்யூனிகேஷன்ஸ், மின்காந்தவியல் மூன்றையும் விடவே கூடாது. மின்காந்தவியலைக் கண்டு பயந்து ஒதுக்கும் மாணவர்களை நிறையப் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் ஆன்டெனாவின் உயிரே அதில்தான் இருக்கிறது. விருப்பப் பாடமாக ஆன்டெனாவோ மைக்ரோவேவோ கிடைத்தால் எடுக்கட்டும். அதோடு அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வையும் எழுதச் சொல்லுங்கள். தானே ஒரு ஆன்டெனா கட்டி, எங்கோ இருக்கும் ஒருவரோடு பேசிப் பழகியவருக்கு அயனி அடுக்கு வெறும் பாடமாக இராது.

சான்றிதழில் ஒரு விஷயத்தை இப்போதே கவனியுங்கள். நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் மத்திய அரசு நிறுவனத்துக்குப் போதாது. மத்தியப் பட்டியலின்படி, வருமான உயர்நிலையை (கிரீமி லேயர்) சேராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். அறிவிப்பு கேட்கும் காலத்துக்குள் பெற்றதாகவும் இருக்க வேண்டும். நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு இந்த ஒரு தாளில் கோட்டைவிடும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

பெண் பிள்ளை, இரவுப் பணி, தொலைதூர ஊர் என்ற உங்கள் பயம் நியாயமானது. நான் அதை மறுக்கப்போவதில்லை. ஷிஃப்ட் உண்டு, இரவுப் பணி உண்டு. பிரயாக்ராஜ் போன்ற இடத்தில் பயிற்சி முடித்ததும் முதல் பணி அகர்தலாவிலோ திமாபூரிலோ ஸ்ரீ விஜயபுரத்திலோ (முன்பு போர்ட் பிளேர்) அமையலாம். மதுரையோ திருச்சியோ கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் அதை எதிர்பார்த்துச் சேரக் கூடாது. பணியிடமோ பாதுகாப்பு மிகுந்த விமான நிலைய வளாகம். பெண்கள் பலர் இந்தப் பிரிவில் வேலை செய்கிறார்கள். ஊர் மாற்றத்தை வீடு ஏற்குமா என்பதை இப்போதே மகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள், பணி ஆணை வந்த பிறகு பேசுவது அவருக்குச் செய்யும் அநீதி.

மென்பொருள் நிறுவனத்தில் இதைவிட அதிகம் சம்பாதிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், உண்மைதான். கல்லூரிக்கு வரும் நிறுவனங்களின் நேர்காணலுக்கும் அவர் போகட்டும். அறிவிப்பு வரும்வரை ஒரு வேலையில் இருப்பது நல்லதே.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மகனைப் பற்றி ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். டிப்ளமாவுக்குப் பின் அதே துறையில் இரண்டாண்டு அனுபவம் சேர்த்தால், சீனியர் அசிஸ்டென்ட் எலெக்ட்ரானிக்ஸ் பதவிக்கு முயலலாம். தென்மண்டலத்துக்கெனத் தனி அறிவிப்பு வரும்.

அடுத்த கடிதத்தை மகளையே எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார், வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்று எழுதினால், பிப்ரவரி வரைக்குமான படிப்புத் திட்டத்தை அவரோடு சேர்ந்து போட்டுக்கொடுக்கிறேன்.